பாலியில் தினமும் பூத்தட்டு வைப்பது யார்? இந்தோனேசியப் பெண்களும் ஊர்வேலையும்

தென்பசார்வாசி:

வணக்கம். பாலியின் தலைநகர் தென்பசாருக்குக் குடிவந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. ஒரு பாலி குடும்பத்தின் வளவுக்குள் பின்பக்க வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். வந்த நாளிலிருந்து மனசில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு விஷயத்தை இங்கே கொட்டலாம் என்று தோன்றியது.

காலையில் நான் காபிக்குப் பால் வைக்கும்போதே வீட்டுக்கார அம்மா ஒரு சுற்று முடித்திருப்பார். சோறு வெந்ததும், வீட்டில் யாரும் வாயில் வைப்பதற்கு முன்னால், வாழையிலையைச் சின்னச் சின்னச் சதுரமாகக் கிழித்து ஒவ்வொன்றிலும் நாலு பருக்கை, கொஞ்சம் உப்பு வைப்பார். அடுப்புக்கு ஒன்று, தண்ணீர்த் தொட்டிக்கு ஒன்று, அரிசி வைக்கும் இடத்துக்கு ஒன்று, வாசலுக்கு ஒன்று, முற்றத்துச் சாமி மேடைக்கு ஒன்று. இதற்கு மெசைபான் என்று பெயர். நம் வீட்டில் காக்கைக்கு வைப்பதுபோலத்தான், ஆனால் இங்கே அடுப்புக்கும் பங்கு உண்டு.

அப்புறம் சனாங் சாரி. தென்னங்குருத்தை மடித்து, மெல்லிய மூங்கில் சிம்பால் குத்தி, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தட்டு. நடுவில் வெற்றிலை, சுண்ணாம்பு, பாக்கு சேர்ந்த ஒரு சின்ன மடிப்பு. அதன்மேல் பூ. பூவிலும் ஒழுங்கு உண்டு: கிழக்கே வெள்ளை, தெற்கே சிவப்பு, மேற்கே மஞ்சள், வடக்கே நீலமோ பச்சையோ. மேலே ஊதுபத்தி. ஒரு பூவைத் தீர்த்தத்தில் தோய்த்துத் தெளித்து, புகையை விரலால் சாமி பக்கம் தள்ளிவிட்டால் முடிந்தது. ஒரு தட்டுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் அந்தத் தட்டுகளை முந்தின நாள் சாயங்காலம் உட்கார்ந்து செய்யவேண்டும். பௌர்ணமி, அமாவாசை, பதினைந்து நாளுக்கு ஒருமுறை வரும் கஜெங் கிளிவோன் என்றால் கூடுதல். 210 நாளுக்கு ஒருமுறை வரும் கலுங்கான் பண்டிகை என்றால் கேட்கவே வேண்டாம். வாரக்கணக்கில் திண்ணை முழுக்கக் குருத்தோலைதான்.

டீவியில் நாடகம் ஓடும், கை தன்பாட்டுக்கு மடித்துக்கொண்டிருக்கும். நானும் பழகிப் பார்த்தேன். அவர் இருபது செய்யும் நேரத்தில் நான் இரண்டு. அதிலும் ஒன்று பிரிந்துவிட்டது.

பாலி என்றதும் "பண்பாட்டைக் கட்டிக் காக்கும் தீவு" என்று எல்லோரும் எழுதுகிறார்கள். காக்கிறது யார் என்று பார்த்தால் இந்தப் பெண்களின் சாயங்காலங்கள்தான் காக்கின்றன. வேறு தீவுகளில் இருந்தவர்கள் யாராவது இங்கே இருந்தால், அங்கே எப்படி என்று சொல்லுங்களேன்.

கொங்குத்தம்பி:

அருமையான பதிவு அக்கா. ஒரே ஒரு சந்தேகம். அந்த நேரத்தில் அந்த வீட்டு ஆண்கள் என்ன செய்கிறார்கள்?

தென்பசார்வாசி:

ஹாஹா, சும்மா இருக்கிறார்கள் என்று சொல்ல ஆசைதான், ஆனால் பொய்யாகிவிடும். கலுங்கானுக்குத் தெருவெங்கும் வளைந்து நிற்கும் மூங்கில், பெஞ்சோர், அது ஆண்கள் வேலை. விசேஷ நாளில் விடியுமுன் பன்றி அடித்து, கறியைப் பொடிப்பொடியாகக் கொத்தி லாவார் செய்வதும் ஆண்கள்தான். கமேலான் என்கிற வாத்தியக் குழுவில் வாசிப்பது, தகனக் கோபுரம் தூக்குவது, இதெல்லாமும். பஞ்சார் என்கிற தெருச் சபையில் மர மணி தட்டினால் ஓடவேண்டும்.

வித்தியாசம் என்னவென்றால், அவர்கள் வேலை வந்து வந்து போகும், பத்துப் பேர் கூடிச் செய்வார்கள், முடிந்ததும் எல்லோரும் பார்ப்பார்கள். இவர்கள் வேலை தினசரி. மாலையில் வாடி, காலில் மிதிபட்டு, மறுநாள் காலையில் பெருக்கித் தள்ளப்படும். பெருக்குவதும் இவர்கள்தான்.

சாலைமுத்து:

மன்னிக்கவும், நான் கொஞ்சம் மாற்றிப் பேசுகிறேன். சாமி பேரைச் சொல்லிக் கூலியில்லா வேலை வாங்குவதற்கு "மரபைக் காத்தல்" என்று பட்டம் கட்டுகிறோமோ? தட்டு செய்கிற பெண்ணுக்கு நிலத்தில் பங்கு உண்டா, பஞ்சாரில் வாக்கு உண்டா? அதைச் சொல்லுங்கள் முதலில்.

தென்பசார்வாசி:

நியாயமான கேள்வி முத்து சார். பாலியில் சொத்து தகப்பன் வழி. மகள் கல்யாணமாகிப் போகும்போது பிறந்த வீட்டுச் சாமி மேடையில் முன்னோரிடம் விடைபெற்றுக்கொண்டுதான் கிளம்புவாள், மெபாமித் என்பார்கள். அதற்குப் பிறகு அவள் தட்டு வைப்பது புருஷன் வீட்டு முன்னோருக்கு. பஞ்சாரில் உறுப்பினர் என்பது தம்பதியாகத்தான். வேலை இருவர் பேரிலும் விழும். கூட்டத்தில் உட்கார்ந்து பேசுவது பெரும்பாலும் ஆண். 2010-இல் அங்குள்ள மரபுச் சபைகளின் தலைமை அமைப்பு கூடி, மகளுக்கும் ஆணின் பங்கில் பாதி உண்டு என்று முடிவெடுத்தது. வீட்டுக்கு வீடு அது நடக்கிறதா என்றால், எங்கள் தெருவில் நான் கேட்டவரை மகன் பேரில்தான் இருக்கிறது.

ஆனால் "கூலியில்லா வேலை" என்று ஒரே வார்த்தையில் மூடிவிட முடியவில்லை. இப்போது வேலைக்குப் போகும் பெண்கள் சனாங்கைச் சந்தையில் பை பையாக வாங்கிவிடுகிறார்கள். குருத்தோலையே ஜாவாவின் பன்யுவாங்கியிலிருந்து லாரியில் ஏறி, படகில் கடந்து கிலிமானுக்கில் இறங்குகிறது. பண்டிகைக்கு முன் விலை ஏறும், நம் ஊரில் மல்லிகை ஏறுவது மாதிரி. மூங்கில் சிம்புக்குப் பதில் ஸ்டேப்ளர் அடித்த தட்டும் கிடைக்கிறது (வீட்டுக்கார அம்மாவுக்கு அதைக் கண்டாலே ஆகாது). வங்கியில் வேலை பார்க்கும் பெண்ணுக்குச் சாயங்காலம் மிச்சம். ஆனால் சந்தையில் இரவு கண்விழித்து அதை மடித்தவளும் இன்னொரு பெண்தானே. வேலை குறையவில்லை, கை மாறியிருக்கிறது. அவளுக்குக் காசு கிடைக்கிறது என்பது மட்டும் புதுசு.

பாடாங்காரன்:

நான் மேற்குச் சுமத்ராவில் மூன்று வருடம் கட்டுமான வேலையாக இருந்தவன். சாலைமுத்து கேட்ட நிலக் கேள்விக்கு அங்கே வேறு பதில் இருக்கிறது.

மினாங்கபாவ் மக்கள். உலகத்திலேயே மிகப் பெரிய தாய்வழிச் சமூகம் என்று சொல்லப்படுபவர்கள், அதே நேரம் அழுத்தமான முஸ்லிம்கள். குலம் அம்மா வழியில் வரும். பரம்பரை நிலம், வீடு, குளம் எல்லாம் அம்மாவிடமிருந்து மகளுக்கு. தானாகச் சம்பாதித்த சொத்துக்கு இஸ்லாமியப் பாகப்பிரிவினை. இரண்டுக்கும் நடுவில் நூறு வருடத்துக்கு மேல் சண்டை நடந்து இந்த இடத்தில் வந்து நின்றிருக்கிறது.

எருமைக் கொம்பு மாதிரிக் கூரை நிமிர்ந்த வீட்டைப் படத்தில் பார்த்திருப்பீர்கள், ரூமா கடாங். உள்ளே போனால் நீளமான கூடம், பின்சுவரை ஒட்டி வரிசையாக அறைகள். அறைகள் பெண்களுக்கு. புதிதாகக் கல்யாணமானவளுக்குக் கடைசி அறை. அடுத்த தங்கைக்குக் கல்யாணம் ஆனால் இவள் பக்கத்து அறைக்கு நகர்வாள். ஆணுக்கு அறை கிடையாது! அந்தக் காலத்தில் பையன் ஏழெட்டு வயதானதும் ராத்திரி சுராவில், அதாவது சின்னப் பள்ளிவாசலில் போய்ப் படுப்பான். கல்யாணமானால் மனைவி வீட்டுக்கு விருந்தாளி. "எரிந்த கட்டைமேல் சாம்பல்" என்று புருஷனைப் பற்றி ஒரு பழமொழியே வைத்திருக்கிறார்கள். ஊதினால் பறந்துவிடுவானாம். அதனால்தான் ஆண்கள் வெளியூர் போய்ப் பிழைக்கிறார்கள், அவர்கள் நடத்தும் பாடாங் சாப்பாட்டுக் கடை இல்லாத ஊர் இந்தோனேசியாவில் இல்லை.

நிலத்தை விற்க முடியாது. அடமானம் வைக்க மட்டும் நாலு காரணம் சொல்வார்கள்: வயதுக்கு வந்த பெண்ணுக்கு மாப்பிள்ளை அமையவில்லை, வீட்டில் பிணம் கிடக்கிறது, பெரிய வீடு ஒழுகுகிறது, குலத்தலைவர் பதவி காலியாகக் கிடக்கிறது. எனக்கு இந்த நாலையும் சொல்லித் தந்தது ஒரு டீக்கடை அம்மா. விரல் மடக்கிச் சொன்னார், மூன்றாவதில் நிறுத்தி மேலே பார்த்து, "எங்கள் வீடு ஒழுகுகிறது, ஆனால் யாரும் அடகு வைக்கச் சம்மதிக்கவில்லை" என்று சிரித்தார்.

சாலைமுத்து சந்தோஷப்படுவதற்கு முன்னால் ஒன்று: குலத்தலைவர், பெங்ஹுலு, ஆண்தான். நிலத்தைப் பற்றிப் பேசுபவர் தாய்மாமன். அவரை மாமக் என்கிறார்கள், முதல் தடவை கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெண்களின் சம்மதம் இல்லாமல் எதுவும் நகராது, ஆனால் சபையில் வாய் திறப்பவர் மாமா.

மட்டுநகரான்:

மட்டக்களப்பில் எங்களுக்கும் குடி தாய்வழியில்தான் வரும். வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாகப் போகும், மாப்பிள்ளை அங்கே போய் இருப்பார். கோயில் வண்ணக்கர் பதவி மட்டும் குடியைப் பார்த்து ஆம்பிளைக்கு. பாடாங்காரன் சொன்னதைப் படிக்கச் சொந்த ஊர்க் கதை போல இருந்தது.

கொங்குத்தம்பி:

அங்கே மாப்பிள்ளைக்குப் பணம் கொடுப்பார்கள் என்று எங்கேயோ படித்தேன், உண்மையா? வரதட்சணையா?

பாடாங்காரன்:

கடலோரம் பாரியாமான் பக்கம் மட்டும். "அழைப்புப் பணம்", மாப்பிள்ளையை அழைத்துவரப் பெண் வீட்டார் கொடுப்பது. வரதட்சணைதானே என்று கேட்டால் அடிக்க வருவார்கள், மாப்பிள்ளை வீட்டிலிருந்தும் திரும்ப முறை செய்வார்கள் என்பார்கள். என் கருத்து: பெயர் வேறு, பேரம் ஒன்றுதான். மாப்பிள்ளை டாக்டர் என்றால் தொகை ஏறுகிறது. சரி, இழையை இதில் இழுக்க வேண்டாம்.

சிங்கைவாணி:

எனக்கு ஜாவா பற்றி ஒரே ஓர் ஆளை வைத்துத்தான் தெரியும். எங்கள் வீட்டில் ஒன்பது வருடம் வேலைக்கு இருந்த அக்கா, நடு ஜாவாவில் கெண்டால் பக்கம். ஞாயிற்றுக்கிழமை இங்கே சிங்கப்பூர் சிட்டி பிளாசாவில் ஊர்க்காரப் பெண்களோடு கூடி அரிசான் போடுவார். அரிசான் என்றால் நம் குலுக்கல் சீட்டேதான். பேரைத் துண்டுச் சீட்டில் எழுதி, சுருட்டி, ஒரு கிளாஸில் போட்டு, வாயைக் காகிதத்தால் மூடி ஓட்டை போட்டுக் குலுக்குவார்கள். விழுந்த பேருக்கு அந்த மாதப் பணம். தள்ளு, கழிவு எதுவும் கிடையாது. முதலில் நான் சேமிப்புக்குத்தான் என்று நினைத்தேன். "பணத்தைப் பாங்கில் போடலாம் மேடம், ஆனால் பாங்கு என் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று கேட்காதே" என்றார். யாருக்கு அவசரமோ அவருக்கு முறையை விட்டுக்கொடுப்பதும் உண்டாம்.

அவர் அம்மா தவறிப்போனார். ஜாவாவில் மூன்றாம் நாள், ஏழு, நாற்பது, நூறு, முதல் வருடம், இரண்டாம் வருடம், கடைசியில் ஆயிரமாவது நாள் என்று சாப்பாடு போட்டு ஓதவேண்டும், ஸ்லாமத்தான். ஆயிரமாவது நாளுக்கு நிச்சயம் போயாகவேண்டும் என்று ஒரு வருடம் முன்பே விடுப்புக் கேட்டுவைத்தார். பணம் அனுப்பினால் போதாதா என்று நான் கேட்டேன் (இப்போது வெட்கமாக இருக்கிறது). அவருக்குப் பயமே வேறு. விசேஷ வீட்டுக்கு அக்கம்பக்கப் பெண்கள் அரிசி, சர்க்கரை, முட்டையோடு வந்து அடுப்படியில் உட்கார்ந்து இரண்டு மூன்று நாள் கூடிச் சமைப்பார்கள், ரெவாங் என்று பெயர். இன்றைக்கு நான் உன் வீட்டில் தேங்காய் துருவினால் நாளைக்கு நீ என் வீட்டில் வெங்காயம் உரிக்கவேண்டும். ஒன்பது வருடமாக இவர் யார் வீட்டிலும் துருவவில்லை. "என் அம்மாவுக்கு யார் வருவார்கள்?"

போய்ப் பார்த்தால் அடுப்படி நிறைய ஆட்கள். இவருடைய சித்தி, ஒன்பது வருடமும் ஒவ்வொரு வீட்டிலும் தன் பங்குக்கு ஒருநாள், இவர் பேரைச் சொல்லி இன்னொரு நாள் என்று போய் உட்கார்ந்திருக்கிறார். மொய் நோட்டு மாதிரி, ஆனால் நோட்டே இல்லாமல்.

இதில் ஒரு வேடிக்கை. முன் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்து ஓதுவது ஆண்கள். அரை மணிநேரம். சோற்றுப் பொட்டலத்தோடு எழுந்து போய்விடுவார்கள். மூன்று நாள் வேலை பார்த்தவர்கள் கொல்லையில்.

பழையவாசகன்:

நல்ல இழை. வரலாற்றில் ஒரு கண்ணியைச் சேர்த்துவிடுகிறேன், இல்லாவிட்டால் எல்லாம் காலங்காலமாக இப்படியே வந்ததுபோல ஆகிவிடும்.

ஆயிஷியா என்ற முஸ்லிம் பெண்கள் அமைப்பு யோக்யகார்த்தாவில் 1917-இல் தொடங்கியது. பாலர் பள்ளிகளும் மருத்துவ நிலையங்களும் நடத்தி இன்றும் இருக்கிறது. அதே ஊரில் 1928 டிசம்பர் 22-இல் முதல் பெண்கள் மாநாடு கூடியது. குழந்தை மணம், பெண் கல்வி, மணவிலக்கு உரிமை எல்லாம் பேசினார்கள். அந்தத் தேதியை இன்று இந்தோனேசியா அன்னையர் தினமாகக் கொண்டாடுகிறது. பூங்கொத்தும் சமையல் போட்டியுமாக! அரசியல் மாநாடு எப்படி அம்மா தினம் ஆனது என்பதில்தான் கதை இருக்கிறது.

1965-66-இல் நடந்த கம்யூனிஸ்ட் எதிர்ப்புக் கொலைகளின்போது கெர்வானி என்ற இடதுசாரிப் பெண்கள் இயக்கத்தை அழித்தார்கள். உறுப்பினர்கள் கொல்லப்பட்டார்கள், வருடக்கணக்கில் சிறையில் கிடந்தார்கள். அவர்களைப் பற்றி அருவருப்பான பொய்களைப் பத்திரிகைகளில் எழுதினார்கள். பிறகு வந்த சுஹார்த்தோ அரசு பிகேகே என்ற குடும்பநலப் பெண்கள் அமைப்பைக் கிராமம் கிராமமாக இறக்கியது. கிராமத் தலைவரின் மனைவி எவரோ அவரே அதன் தலைவி. பெண்ணின் கடமைகள் என்று அப்போது பரப்பிய ஐந்தில் முதலாவது கணவனுக்குத் துணை நிற்பது, குடிமகள் என்பது கடைசி. ஆகவே "ஊருக்கு உழைக்கும் குடும்பப் பெண்" என்ற படத்தில் பாதி மரபு, பாதி அரசாங்கம் வரைந்தது.

சிங்கைவாணி:

ஐயா சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் அந்த பிகேகே பெண்கள்தான் போஸ்யாண்டு என்கிற குழந்தை நல முகாமை நடத்துகிறார்கள் என்று அக்கா சொல்லியிருக்கிறார். மாதம் ஒருநாள் யாராவது வீட்டுத் திண்ணையில் தராசுக் கோல் கட்டி, துணித் தூளியில் குழந்தையைப் போட்டு எடை பார்ப்பார்களாம். பச்சைப்பயற்றுக் கஞ்சி ஊற்றுவார்களாம். அக்காவின் பிள்ளை எடை ஏறவில்லை என்று கண்டுபிடித்ததே அந்தத் திண்ணையில்தான். அரசாங்கம் வரைந்த படமாகவே இருக்கட்டும், குழந்தை பிழைத்ததே.

பழையவாசகன்:

மறுக்கவில்லை அம்மா. சுஹார்த்தோ 1998-இல் போனார், திண்ணைத் தராசு போகவில்லை. மேலிருந்து வந்ததை அவர்கள் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள் என்றே நானும் சொல்வேன்.

தறிவீடு:

எங்கள் வீடு பரமக்குடியில் தறி வீடு. அப்பா தறிக்குழியில், அம்மா தார் சுற்றுவார். இதற்குத் தலைகீழாக, இந்தோனேசியாவின் கிழக்குத் தீவுகளான சும்பாவிலும் திமோரிலும் நெய்வது முழுக்கப் பெண்கள். தறியின் ஒரு முனையைக் கம்பத்தில் கட்டி, மறுமுனையை இடுப்பில் வார் போட்டுக் கட்டிக்கொண்டு தரையில் உட்காருவார்கள். உடம்பைப் பின்னால் சாய்த்தால் பாவு விறைக்கும், முன்னால் வந்தால் தளரும். நெய்வதற்கு முன்பே பாவு நூலை இடம் இடமாகக் கட்டிச் சாயத்தில் முக்குவார்கள். "இக்காத்" என்றாலே கட்டு என்றுதான் அர்த்தம். சும்பாவில் அவுரிச் சாயப் பானை பக்கம் ஆண்கள் போகக்கூடாது.

நான் சொல்ல வந்தது மேற்குத் திமோரின் மோல்லோ. அங்கே மலைகளில் பளிங்கு வெட்ட நிறுவனங்கள் வந்தன. அந்தப் பாறைகளின் பேர்தான் அவர்களுக்குக் குலப்பெயர். சாயத்துக்கு வேண்டிய செடி, மருந்து, விறகு எல்லாம் அந்த மலைக் காட்டில். அலேத்தா பவுன் என்ற பெண் ஊர் ஊராக நடந்து ஆள் திரட்டினார். மிரட்டல் வந்தது, கைக்குழந்தையோடு காட்டில் ஒளிந்திருந்தார். கடைசியில் சுமார் 150 பெண்கள் சுரங்க வாசலில் போய் உட்கார்ந்து நெய்ய ஆரம்பித்தார்கள். கோஷம் போடுவதற்குப் பதிலாக நெசவு. ஏறக்குறைய ஒரு வருடம்! 2010-க்குள் சுரங்க வேலை நின்றுபோனது. 2013-இல் அவருக்குக் கோல்ட்மன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது.

தறிக்காரனாக எனக்கு அதில் பிடித்தது ஒன்று: இடுப்புத் தறியில் உட்கார்ந்தவளைச் சட்டென்று எழுப்ப முடியாது. வார் கட்டியிருக்கிறது, பாவு நீட்டியிருக்கிறது. எழுப்பவேண்டுமென்றால் நூலை அறுக்கவேண்டும்.

சாலைமுத்து:

அந்த ஒரு வருடம் அவர்கள் வீட்டில் யார் சமைத்தார்கள்?

தறிவீடு:

ஆண்கள். பிள்ளைகளையும் அவர்கள்தான் பார்த்துக்கொண்டார்கள்.

சாலைமுத்து:

அப்படியென்றால் முடியும் என்று தெரிகிறது. நான் என் வார்த்தையில் பாதியை வாபஸ் வாங்குகிறேன். மீதிப் பாதி இருக்கட்டும்.

தென்பசார்வாசி:

இழை இவ்வளவு நீளும் என்று நினைக்கவில்லை. எல்லோருக்கும் நன்றி. சித்தி கதையை வீட்டுக்கார அம்மாவிடம் சொன்னேன், மடித்துக்கொண்டே "ஆமாம், அப்படித்தான்" என்றார். ஆச்சரியப்படவேயில்லை.

முத்து சாருக்காக நேற்றுக் காலை நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மாதவிலக்கு நாட்களில் இங்கே பெண்கள் கோயிலுக்குள் போகமாட்டார்கள், வீட்டுச் சாமி மேடைக்கும் வரமாட்டார்கள். அந்த வீட்டில் அவரும் கணவரும் ஒரு மகனும்தான். ஆகவே சந்தையில் வாங்கிய தட்டுகளோடு கணவர் இறங்கினார். இடுப்பில் சேலை மாதிரித் துணியைச் சுற்றிக்கொண்டு, வாயில் ஊதுபத்தியைக் கவ்விக்கொண்டு, தட்டத்தைச் சாய்த்துப் பிடித்தபடி. முதல் மேடையிலேயே வெள்ளைப் பூ தெற்கே பார்த்து உட்கார்ந்துவிட்டது.

அம்மா சமையற்கட்டு வாசலில் நின்றுகொண்டு அங்கிருந்தே "கங்கின்! கங்கின்!" என்று கத்தினார். கிழக்கு. அவர் திருப்பி வைத்தார், இப்போது வடக்கு. மகன் போனில் வீடியோ எடுத்தான். மூன்றாவது மேடையில் ஊதுபத்தி அணைந்துபோய் லைட்டர் தேடப் போனார். வழக்கமாகக் கால் மணிநேரத்தில் முடிவது நேற்று முக்கால் மணிநேரம். அடுப்புக்கு வைக்கவேண்டிய பருக்கையை மறந்தேபோனார். அம்மா எதுவும் சொல்லாமல் ஒரு துண்டு வாழையிலையைக் கிழித்து அவர் கையில் கொடுத்தார்.